இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து அறுபத்தொன்று

அந்த விலங்கு ஆஸ்பத்திரியில் அவளுக்கு நம்பர் அக்கா என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் அப்படிக் கூப்பிடாதவர்கள் அங்கே கிடையாது. பெரிய டாக்டரம்மாவே அவசரத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. வெளியே நாய்கள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாலும் அவள் தலை நிமிராது. வீட்டில் கணவர் கடிகாரக் கடைக்காரர். அவர் மணி சொல்வார், இவள் நம்பர் சொல்வாள், வேறு பேச்சே நடக்காது என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் உண்டு. அது பொய். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இருவரும் நன்றாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவின் கடைசி அறைதான் லேப். சுவரில் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் உள்ளங்கை போகிற அளவுக்கு ஒரு துவாரம். அந்த வழியாக ரத்தக் குழாய்கள் உள்ளே போகும், சீட்டுகள் வெளியே வரும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின் ஓடும்போது மேஜை ஆடும் என்பதால் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருப்பாள். அட்டை நைந்துபோனால் புது அட்டை. மூன்று வருடமாக மேஜையை மாற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவளும் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அங்கே அவள் அதிகம் பார்த்தது சி.ஆர்.பி. என்கிற டெஸ்ட். உடம்புக்குள் எங்காவது புண்ணோ சீழோ இருந்தால் ஈரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் அள்ளி விடும். அதை எண்ணிச் சொல்வதுதான் இந்த டெஸ்ட். நல்ல நாய்க்குப் பத்துக்குள் இருக்கும். ஆபரேஷன் செய்தால் நூறு, இருநூறு என்று ஏறும். "அறுத்தா உடம்புக்குக் கோபம் வரத்தான் செய்யும். ரெண்டு நாள் ஏறட்டும். மூணாம் நாள் இறங்க ஆரம்பிக்கணும். இறங்கலைன்னா உள்ள ஏதோ சரியில்ல" என்பார் டாக்டரம்மா. நாய் வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்லாது. வலி மாத்திரை கொடுத்தால் காய்ச்சலும் தெரியாது, வாலைக்கூட ஆட்டிவிடும். ஆகவே அறுத்த நாய்க்கெல்லாம் தினமும் காலையில் ஒரு நம்பர். லேப் சுவரில் நாய்க்கு ஒரு கட்டம் போட்ட தாள் ஒட்டியிருக்கும். அக்கா புள்ளி வைப்பாள். டாக்டரம்மா வந்து நின்று, பேனாவால் புள்ளிகளைக் கோடாக இணைத்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் நாயின் சொந்தக்காரருக்குப் பேச்சு.

நம்பர் முதலில் டாக்டருக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அக்கா அதை மீறியதே கிடையாது. துவாரத்தில் வாயை வைத்துக் கெஞ்சியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. பூனைக்காரி ஒருத்தி பெரிய பிஸ்கட் டப்பாவே கொண்டு வந்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டாள், நம்பரைச் சொல்லவில்லை.

இந்தப் பிடிவாதத்துக்கு அவள் கொடுத்த விலை ஒரு அண்ணன்.

ஆறு வருடத்துக்கு முன்பு அவள் மனிதர்களின் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதுவும் லேப்தான். அண்ணி களைப்பாக இருக்கிறது என்று ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் இவள். ரத்தத்தில் இருக்கக் கூடாத செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. ரிப்போர்ட்டில் தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள். சொல்ல வேண்டிய பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார், வர நாலு நாள். அந்த நாலு நாளும் அவள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. அண்ணி காபி போட்டுக் கொடுத்தாள். "என்ன வந்துச்சு?" என்று கேட்டாள். "இன்னும் வரல அண்ணி" என்றாள்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் அண்ணன் கைக்கு வந்தது. அவர் பஸ் கண்டக்டர். தேதியைப் பார்க்காமல் ஒரு காகிதத்தை வாங்கிப் பழக்கமில்லாதவர். தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"அந்த நாலு நாள்ல நான் அவளைத் திட்டினேன். சும்மா படுத்தே கிடக்கியேன்னு திட்டினேன். நீ பக்கத்துல உட்கார்ந்திருந்தே."

ஐந்து மாதத்தில் அண்ணி போய்விட்டாள். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. அதே மைக்ராஸ்கோப்பில் மறுபடி கண்ணை வைக்க அவளுக்குத் தெம்பில்லை. வேலையை விட்டாள். நாய்க்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியாது, அதுவே பெரிய நிம்மதி என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை துவாரத்தில் ஒரு கை ரத்தக் குழாயோடு நீண்டது. மணிக்கட்டில் பழைய தோல் வார்க் கடிகாரம். அதை அவள் கணவர்தான் ஒரு காலத்தில் பழுது பார்த்துக் கொடுத்திருந்தார். அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரும் அவளைப் பார்த்துவிட்டார். பார்த்த பிறகுதான் சொன்னார்:

"மேடம், இதை இங்க குடுக்கச் சொன்னாங்க."

மேடம் என்கிற வார்த்தையை அவள் அதுவரை ஒரு மரியாதை என்றுதான் நினைத்திருந்தாள். அன்று அது உச்சந்தலையில் இறங்கியது.

நாயின் பெயர் வக்கீல். யார் வந்தாலும் எதிர்வாதம் செய்வதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. அண்ணி குட்டியாக வாங்கி வளர்த்த நாய். அவள் போன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது வக்கீலின் சத்தம் மட்டும்தான். பணி ஓய்வு பெற்றும் அண்ணன் காலையில் எழுந்து சாக்ஸ் மாட்டுவார். முப்பத்தொரு வருடப் பழக்கம். அந்த சாக்ஸில் ஒன்றை வக்கீல் விழுங்கிவிட்டது. குடலில் போய் அடைத்துக்கொண்டது. டாக்டரம்மா வயிற்றைத் திறந்து, குடலைக் கொஞ்சம் வெட்டி, சாக்ஸை எடுத்து, தைத்தார். எடுத்த சாக்ஸைக் கழுவிப் பையில் போட்டு அண்ணனிடம் கொடுத்தான் சங்கிலி. நாய்களைப் பிடித்து நிறுத்துவதுதான் அவன் உத்தியோகம். நாற்பது வயது ஆள், கையெல்லாம் பல் தழும்பு. "பத்திரமா வச்சுக்கோங்க சார், ஜோடி பிரியக் கூடாது" என்றான். அண்ணன் சிரிக்கவில்லை.

குடலில் போட்ட தையல் கசிந்தால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் கசியும். அதுதான் பயம். செவ்வாய்க்கிழமை நம்பர் நூற்று அறுபத்து நாலு. புதன்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு நாள் ஏறுவது எதிர்பார்த்ததுதான். அண்ணன் வராந்தா இரும்பு பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் தோள்பையை வைத்திருந்தார். யாராவது வந்தாலும் பையை எடுக்கவில்லை. தான் வந்து உட்காரக் கூடாது என்றுதான் அந்தப் பை அங்கே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். துவாரத்தின் வழியாக அவள் மூன்று நாளும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெஷின் அறுபத்தொன்று என்றது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அறுபத்தொன்றுதான். இறங்கிவிட்டது! வக்கீல் பிழைத்துக்கொண்டான். மார்பில் ஆறு வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து நின்றது. சீட்டை டாக்டரம்மாவின் தட்டில் வைக்க வேண்டும், சுவர்த் தாளில் புள்ளி வைக்க வேண்டும், அவர் வந்து கோடு போட வேண்டும். டாக்டரம்மா ஒரு பூனையின் உடைந்த காலோடு ஆபரேஷன் அறைக்குள் இருந்தார். வெளியே வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரம் அண்ணன் அந்த பெஞ்சில் தெரியாமல் உட்கார்ந்திருப்பார், இவள் தெரிந்துகொண்டு உள்ளே இருப்பாள். இன்னொரு தடவை அது அவளால் முடியாது. கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"அண்ணா, இறங்கிடுச்சு."

அவர் நிமிர்ந்தார்.

"அறுபத்தொண்ணு. நேத்து இருநூத்திப் பன்னெண்டு இருந்துச்சு."

"நல்லதா?"

"ரொம்ப நல்லது."

"டாக்டர் பார்த்தாங்களா?"

"இன்னும் இல்ல. உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவள் பிறகு எத்தனையோ தடவை திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாயைப் பற்றிச் சொன்ன வாக்கியம் இல்லை அது. அண்ணனுக்கும் அது புரிந்தது. அவர் கண் கலங்கியது. "சரி" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. நாய்க்காகக் கொண்டு வந்திருந்த போர்வையை அண்ணன் மடித்துப் பையில் வைத்தார். சங்கிலியிடம் போய் நின்றார். "நம்பர் இறங்கிடுச்சாம். லேப்ல இருக்கறது என் தங்கச்சிதான், அவளே வந்து சொன்னா." சங்கிலி அக்காவிடம் சீட்டை வாங்கி ஆபரேஷன் அறைக் கதவில் தூக்கிக் காட்டினான். பூனையின் எலும்பில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்த டாக்டரம்மா முகமூடிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அறுபத்தொண்ணா? காலையில சாப்பிட்டானா? அப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். சனிக்கிழமை கட்டு மாத்த வரட்டும்." அவ்வளவுதான். புள்ளி வைக்கவில்லை, கோடு போடவில்லை. வாசலில் நாயைத் தூக்கிக்கொண்டு நின்ற அண்ணன் ஒரு நிமிடம் திரும்பி, கண்ணாடியைப் பார்த்து, "வர்றேன்" என்றார்.

வர்றேன் என்பது ஒரு வார்த்தை. ஆறு வருடத்துக்கு அது போதும் என்று அக்காவுக்கு இருந்தது. மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்துச் சங்கிலிக்குக் கொடுத்தாள். அவன் பயந்துபோய், "அக்கா, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டான்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கை ஓய்ந்தது. விட்டுப்போன புள்ளிகளை வைக்கலாம் என்று பேனாவை எடுத்துச் சுவரருகே போனாள். வக்கீலின் தாள். நூற்று அறுபத்து நாலு, இருநூற்றுப் பன்னிரண்டு. அறுபத்தொன்றுக்குப் புள்ளி வைக்கக் கையை இறக்கினாள். கை இறங்கிக்கொண்டே போனது. தாளின் அடிப்பக்கம் வரை போனது. பக்கத்துத் தாள்களைப் பார்த்தாள். பிழைத்த நாய்கள் எல்லாம் ஒவ்வொரு படியாக இறங்கியிருந்தன. ஒரே நாளில் மாடியிலிருந்து தரைக்கு ஒன்றுகூடக் குதிக்கவில்லை.

மெஷினின் நெற்றியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. வெயிலில் பழுத்துப்போன காகிதம், அவளுடைய சொந்தக் கையெழுத்து: "ஒரே நாளில் பாதிக்கு மேல் குறைந்தால் நம்பாதே. உப்புநீர் கலந்து திரும்பப் பார்."

அந்தப் பழைய மெஷினிடம் அப்படி ஒரு கோணல் புத்தி உண்டு. டெஸ்டுக்கு ஊற்றும் மருந்து ரத்தத்தில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக் கட்டி கட்டியாகச் சேர்க்கும். சேரச் சேர ரத்தநீர் கலங்கும். கலங்கலைப் பார்த்து மெஷின் நம்பர் சொல்லும். புரதம் அளவுக்கு மீறி இருந்தால் மருந்து திணறிப்போகும். ஒன்றைப் பிடிப்பதற்குள் ஒன்பது வந்து மோதும், எதுவும் கட்டியாகச் சேராது. நீர் தெளிவாகவே இருக்கும். மெஷின் ஏமாந்துபோய்க் குறைவு என்று சொல்லும். இதை அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். வேறு எந்த நாயாக இருந்தாலும் ஒன்பது மணிக்கே திரும்பப் பார்த்திருப்பாள். வேண்டாத நம்பரை இரண்டு தடவை பார்க்கிறவர்கள் வேண்டிய நம்பரை ஒரு தடவைதான் பார்க்கிறார்கள். அவளும் அதைத்தான் செய்தாள்.

குளிர்பெட்டியிலிருந்து காலையின் மிச்ச ரத்தநீரை எடுத்தாள். ஒரு பங்குக்கு நாலு பங்கு உப்புநீர். முதல் தடவை சிந்திவிட்டது. மெஷினுக்குள் வைத்து நின்றாள். ஏழு நிமிடம். தொண்ணூற்றேழு என்று வந்தது. ஐந்து மடங்கு நீர்த்துப்போனது என்றால் ஐந்தால் பெருக்க வேண்டும். நானூற்று எண்பத்தைந்து. இன்னொரு தடவை வைத்தாள். தொண்ணூற்றாறு.

நம்பர் இறங்கவே இல்லை. மெஷினால் எண்ண முடியாத உயரத்துக்கு ஏறியிருந்தது.

டாக்டரம்மா அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். சீட்டை வாங்கிப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"முதல் நம்பர் எப்போ வந்துச்சு?"

"ஒன்பது மணிக்கு டாக்டர்."

"எனக்கு முன்னாடியே அவர்கிட்ட சொன்னீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

டாக்டரம்மா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். "இருநூத்திப் பன்னெண்டுக்கு அடுத்து அறுபத்தொண்ணு. கோடு போட்டுப் பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே. நானும்தான் எட்டிப் பார்த்துட்டு அனுப்பினேன்" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "நிக்காதீங்க, போய்க் கூட்டிட்டு வாங்க!" என்றார்.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. போனை அலமாரி மேலே வைத்துவிட்டு மறந்துபோகிற ஆள் அண்ணன். சங்கிலி வண்டியை எடுத்தான். பின்னால் உட்கார்ந்து போகும்போது அவள் மனதில் ஓடியது வக்கீல் மட்டும் இல்லை. அண்ணன் வீட்டு வாசலில் என்ன சொல்லி நிற்பது என்பதும் ஓடியது. இந்த நேரத்திலும் அதை நினைக்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

கதவு திறந்தேதான் இருந்தது. கூடத்தில் அண்ணியின் படம், அதற்குக் கீழே வக்கீலின் தட்டில் தொடாத சோறு. நாய் சமையலறைத் தரையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அவள் உள்ளே வந்தும் தலையைத் தூக்கவில்லை. தபால்காரரிலிருந்து தண்ணீர் போடுகிறவர் வரை ஒருவரையும் விடாத வக்கீல் ஒரு சத்தம் போடவில்லை. அதைக் கேட்ட மாத்திரத்தில், அதாவது கேட்காத மாத்திரத்தில், அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அண்ணன் கையில் கரண்டியோடு திரும்பினார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வா, வா. நல்லாத் தூங்கறான். மூணு நாள் தூக்கம் பாக்கில்ல. நீ உட்காரு, காபி போடறேன்."

"அண்ணா, அந்த நம்பர் தப்பு."

"என்ன?"

"காலையில சொன்ன நம்பர் தப்பு. ஏறியிருக்கு. ரொம்ப ஏறியிருக்கு. உடனே கிளம்பணும்."

"மெஷின் தப்பாச் சொல்லிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மெஷின்மேல் பழியைப் போட்டால் மெஷின் மறுத்துப் பேசப் போவதில்லை.

"மெஷின் எப்பவும் அப்படித்தான் ஏமாத்தும். எனக்குத் தெரியும். நான்தான் திரும்பப் பார்க்கல" என்றாள். அண்ணன் புரியாமல் நின்றார். "கூட்டம் தாங்காத பஸ்ல உன்னால டிக்கெட் போட முடியுமாண்ணா? நகரவே முடியாது. கடைசியில டிக்கெட் கட்டை எடுத்துப் பார்த்தா பஸ்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கும். அந்த மாதிரி. டிக்கெட்டைப் பார்த்தேன். பஸ்ஸைப் பார்க்கல."

முப்பத்தொரு வருடம் கூட்டத்தில் நசுங்கினவருக்கு அது உடனே புரிந்தது. கரண்டியை அடுப்பின்மேல் வைத்தார். நாயின் அருகே குனிந்து வயிற்றைத் தொட்டார். வயிறு பலகையாக இருந்தது. தொட்டதும் வக்கீல் முனகினான்.

"அன்னைக்குத் தெரிஞ்சும் சொல்லல" என்றார் அண்ணன், நாயைப் பார்த்தபடி. குரலை உயர்த்தக்கூட இல்லை. "இன்னைக்குத் தெரியாமலே சொல்லிட்டே."

பிறகு நாயைத் தூக்கிக்கொண்டார். கீழே விழுந்த போர்வையை அவள் எடுக்கப் போனாள். "இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டரம்மா இரண்டாம் தடவை வயிற்றைத் திறந்தார். தையலில் ஒரு இடம் விட்டிருந்தது. உள்ளே கசிந்து, வயிறு முழுக்கச் சீழ். கழுவித் துடைத்து மறுபடி தைக்க இரண்டரை மணி நேரம் ஆனது. வெளியே வந்தவரிடம் அண்ணன் கேட்டார்: "காலையிலயே தெரிஞ்சிருந்தா?"

"அஞ்சு மணி நேரம் முன்னாடி திறந்திருப்பேன்."

"திறந்திருந்தா?"

"சீழ் இவ்வளவு பரவாம இருந்திருக்கலாம் சார். இதே மாதிரியும் இருந்திருக்கலாம். எனக்கு உண்மையிலேயே தெரியல" என்றார் டாக்டரம்மா. கண்ணாடிக்கு உள்ளே இருந்த அக்காவுக்கு அது நன்றாகக் கேட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டினால் எவ்வளவு தப்பு என்று ஒரு அளவாவது தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நானூற்று முப்பது. சனிக்கிழமை முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஒரு படி இறக்கம். அதை நம்பலாமா வேண்டாமா என்று அவள் நாலு தடவை வைத்துப் பார்த்தாள். டாக்டரம்மா கோடு போட்டுவிட்டு அண்ணனிடம் சொல்லப் போனார். அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் அதே பெஞ்சில், பக்கத்தில் அதே பை. வக்கீல் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தான் என்று சங்கிலி வந்து சொன்னான். ரத்தம் எடுக்கும்போது வழக்கமாகக் கிண்டல் செய்கிறவன் அந்த மூன்று நாளும் அந்த நாயிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையைத் தடவிவிட்டுத்தான் ஊசியை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. நம்பர் வந்தது. ஐந்நூற்று இருபது. உப்புநீர் அளவை மாற்றிப் பார்த்தாள். ஐந்நூற்றுப் பதினெட்டு. மறுபடி வைத்தாள். அந்த மெஷின் எத்தனையோ தடவை பொய் சொல்லியிருக்கிறது. அன்று ஒரு தடவையாவது பொய் சொல்லக் கூடாதா என்று அவள் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் தடவையும் அதேதான். தாளில் புள்ளி வைத்தாள். இடம் போதாமல் ஓரத்துக்கு வெளியே சுவரிலேயே வைக்க வேண்டி வந்தது.

டாக்டரம்மா தன் அறைக்குப் பின்பக்கம் வக்கீலின் கூண்டருகே இருந்தார். அவர் அறைக்குப் போய்ச் சீட்டைக் கவிழ்த்துத் தட்டில் வைத்தாள். திரும்பி வர ஒரே வழிதான், பெஞ்சைத் தாண்டித்தான் வர வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"வந்துடுச்சா?" என்றார் அண்ணன்.

"ம்."

"டாக்டர் பார்த்தாங்களா?"

"இன்னும் இல்ல."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். நிரம்பி வழிகிற பஸ்ஸில் டிக்கெட் வாங்காதவன் எவன் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற ஆள் அவர். தங்கையின் முகமா தெரியாது? வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாளா, சொல்ல மாட்டேன் என்று சொல்லத் திறந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சொல்லாதே" என்றார் அண்ணன். "அவங்களே வந்து சொல்லட்டும்."

அவர் கை பக்கத்து இருக்கைக்குப் போனது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உட்காரு பாப்பா."

உட்கார்ந்தாள். இரும்பு பெஞ்ச் சில்லென்று இருந்தது. உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

"அந்த நாலு நாளும் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாண்ணா."

அவர் தலையை ஆட்டினார். பையின் வாரை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"அப்போ நீ காபியைக் குடிக்காம கையிலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. நாலு நாளும். அண்ணிகூடக் கேட்டா" என்றார். "நான் சூடா இருக்குன்னு நெனச்சேன்."

டாக்டரம்மாவின் அறைக் கதவு திறந்தது. இருவரும் எழுந்து நின்றார்கள்.